எடை போதாத மென்பொருள்

முத்துச்செல்விக்கு இரண்டாவது எச்சரிக்கைக் கடிதம் வந்த அதே வாரத்தில்தான் வெங்கடேசன் விரல் பயிற்சியைத் தொடங்கிவைத்தார். ஒரகடத்தில் கார் கதவுப் பூட்டு செய்யும் அந்தத் தொழிற்சாலையில் அவருக்கு ‘டிஜிட்டல் மாற்றத் தலைவர்’ என்று பதவி. எது மாறியது என்று யாரும் அவரைக் கேட்டதில்லை. மூன்றாவது லைனில் உற்பத்தி குறைகிறது என்று அவருடைய மேசைத் திரையில் சிவப்பாகத் தெரிந்தது. சிவப்பைப் பார்த்தால் அவர் உடனே ஏதாவது செய்துவிடுவார். சென்னையிலிருந்து ஒரு பயிற்சியாளரை வரவழைத்தார். காலை ஆறு மணி ஷிப்டுக்கு முன்னால், மூன்றாவது லைனின் பதினோரு பெண்களும் வரிசையாக நின்று, கைகளை முன்னால் நீட்டி, விரல்களை விரித்து மடக்கினார்கள். “மனசுல இருக்கிற வேகம் விரலுக்கு வரட்டும்” என்றார் பயிற்சியாளர். மனசில் என்ன இருந்தது என்று அந்தப் பெண்கள் அவரிடம் சொல்லவில்லை.

பென்னலூரில் ஒரு மளிகைக் கடைக்கு மேலே இருந்த அறையில் நான்கு பெண்கள் வாடகைக்கு இருந்தார்கள். அவர்களில் ஒருத்தி முத்துச்செல்வி. சுரண்டைப் பக்கம், வயது இருபத்திரண்டு. இன்னொருத்தி சுகப்பிரியா, விளாத்திகுளத்துக்காரி, நான்கு வயது மூத்தவள். கணினி அறிவியல் படித்துவிட்டு அதே தொழிற்சாலையில் ஐ.டி. பிரிவில் ஒப்பந்த வேலையில் இருந்தாள். பிரிவு என்றால் அவளும் ஒரு பிரிண்டரும். பிரிண்டர் மட்டும் நிரந்தரம்.

கடிதம் வந்த அன்று சாயங்காலம் முத்துச்செல்வி அதை அவளிடம் நீட்டினாள்.

“யக்கா, இதுல என்ன போட்டிருக்குன்னு நீங்க ஒருக்காப் படிச்சுச் சொல்லுங்க. நான் படிச்சது தப்பா இருந்தா நல்லாருக்கும்.”

அவள் படித்தது தப்பாக இல்லை. மனிதவளப் பிரிவு அதிகாரி லூர்து மேரி கையெழுத்திட்டிருந்தார். ‘தங்களது கை வேகம் தொடர்ந்து குறைவாக இருப்பதால்’ என்று தொடங்கிய கடிதம், இன்னொரு முறை எழுத நேர்ந்தால் வேலை இருக்காது என்பதை மிகுந்த மரியாதையுடன் தெரிவித்து முடிந்தது.

“எண்ணூறு பூட்டு வேணும்னுதாவ. நான் எழுநூத்தி முப்பதுல நிக்கேன். ஒண்ணாவது லைன்ல எண்ணூத்தி இருவது போடுதாளுவ. அவளுவளுக்கு மட்டும் விரலு கூடுதலா இருக்கா?”

“ஒனக்கு எந்த எடத்துல தாமசமாவுது?”

“எனக்கு எங்க ஆவுது? ஸ்கேன் பண்ணுதேன். திரையில அந்த வட்டம் சுத்துது. அது நிக்க வரைக்கும் நான் கையக் கட்டிக்கிட்டு நிக்கேன். அதக் கேமராவுல பாத்துட்டு சும்மா நிக்கான்னு எழுதுதாவ.”

மறுநாள் சுகப்பிரியா பிரிண்டருக்குக் காகிதம் வைக்கப் போவதாகச் சொல்லிவிட்டு மூன்றாவது லைனுக்குப் போனாள். ஏழாவது ஸ்டேஷனில் முத்துச்செல்வியின் பின்னால் நின்று, செல்போனில் நேரம் பிடித்தாள். இருபது பூட்டுகள் பார்த்தாள். ஒரு பூட்டுக்குக் கை எடுத்துக்கொண்டது இருபத்தொன்பது நொடி. வட்டம் எடுத்துக்கொண்டது ஏழு நொடி. எழுநூற்று முப்பதை ஏழால் பெருக்கிப் பார்த்தாள். ஒரு ஷிப்டில் ஒரு மணி இருபத்தைந்து நிமிடம் முத்துச்செல்வி அந்த வட்டத்துக்குக் காவல் நின்றுகொண்டிருந்தாள்.

டீ இடைவேளையில் தன் அறையிலிருந்து ஒரு மவுஸைக் கொண்டுவந்து சொருகி, கணினிக்குள் என்ன ஓடுகிறது என்று திறந்து பார்த்தாள். தொழிற்சாலை தொடங்கியபோது வாங்கிய பழைய பெட்டி. நினைவகம் நான்கு ஜி.பி. அதில் நான்கு மென்பொருள்கள் ஒரே நேரத்தில் ஓடின. ஒன்று பூட்டின் படத்தைக் காட்டும். ஒன்று ஸ்கேன் செய்ததைச் சரிபார்க்கும். ஒன்று வருகைப் பதிவு. நான்காவதன் பெயர் ‘மகிழ்ச்சி’. இது மணிக்கு ஒருமுறை எழுந்து, இப்போது எப்படி உணர்கிறீர்கள் என்று ஐந்து முகங்களைக் காட்டிக் கேட்கும். ஐந்தும் சிரிக்கும் முகங்கள். சிரிப்பின் அளவுதான் வேறு. சென்னையில் ஒரு நிறுவனம் செய்து கொடுத்த இந்த நான்கும் உள்ளே பார்த்தால் வெறும் இணையப் பக்கங்கள்தான். ஆனால் ஒவ்வொன்றும் தன்னைக் காட்டுவதற்கென்று ஒரு முழு பிரவுசரையே வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு வந்திருந்தது.

லைன் சூப்பர்வைசர் அமிர்தநாதன் வந்தார். பக்கத்துக் கிராமத்துக்காரர். இருபது வருடத்தில் இந்தச் சாலையில் ஏழு தொழிற்சாலைகளைப் பார்த்தவர்.

“இன்னாம்மா, பொட்டியத் தொறந்து வெச்சினு கீற?”

“இதுக்குள்ள நாலு பிரவுசர் ஓடுது சார். நம்ம ஆளுங்க எல்லாரும் ஒரே கம்பெனி பஸ்ல வராங்க இல்ல? இவங்க ஆளுக்கு ஒரு பஸ் ஓட்டிட்டு வந்திருக்காங்க. உள்ள நிக்க எடமில்ல.”

“அதுல அந்த மகிழ்ச்சி வேற.”

“அதுதான் சார் பெரிய பஸ்.”

“ஒண்ணாவது லைன்ல மட்டும் நல்லா ஓடுது?”

“அங்க புதுக் கம்ப்யூட்டர். மெமரி ஜாஸ்தி.”

“அது சரி. விருந்தாளிங்கள அங்கதான இட்டுனு போறானுங்க.”

சுகப்பிரியா அன்று முழுக்க யோசித்திருந்ததைச் சொன்னாள். விண்டோஸிலேயே ஒரு பிரவுசர் எஞ்சின் இருக்கிறது. அதையே இரவல் வாங்கி ஓட்டினால், நாம் எழுதுவது கொஞ்சமாக இருந்தால் போதும்.

“அது நம்முதா?”

“விண்டோஸோடது சார்.”

“அவன் ரூட்ட மாத்திக்கினா?”

“அப்படியெல்லாம் மாத்த மாட்டாங்க சார்.”

“மாத்த மாட்டோம்னு சொல்லி மாத்தின கம்பெனி எத்தினி பாத்துகீறேன்” என்று சொல்லிவிட்டு அமிர்தநாதன் லைனைப் பார்க்கப் போனார்.

சுகப்பிரியா முறைப்படியே போனாள். ஏழு நொடிக் கணக்கை ஒரு பக்கத்தில் எழுதி வெங்கடேசனுக்கு அனுப்பினாள். அவர் கூட்டம் போட்டார். மென்பொருள் நிறுவனத்திலிருந்து பென்சன் வந்தார். முப்பது வயதுக்குள் இருப்பார். அவர் பேசும்போது குறை சொன்னவருக்கே தன் மீது சந்தேகம் வரும்.

“எங்க சாப்ட்வேர் ஹெவி கிடையாது சார்” என்றார் பென்சன். “ரிச்.”

வெங்கடேசன் அந்தச் சொல்லை நோட்டில் குறித்துக்கொண்டார்.

எல்லா லைனுக்கும் புதுக் கணினி போட்டால் வட்டம் நின்றுவிடும் என்பது பென்சனின் யோசனை. நல்ல யோசனை, அடுத்த ஏப்ரலில் பார்ப்போம் என்றார் வெங்கடேசன். அதுவரைக்கும் என்ன செய்வது என்று சுகப்பிரியா கேட்டாள்.

“அதுவரைக்கும் பயிற்சி நடக்கட்டும்.”

“சார், ஏழு நொடி திரையில போகுது. விரல்ல இல்ல.”

“நெகட்டிவா பார்க்காதீங்க சுகப்பிரியா. ஏழு நொடி கிடைச்சா ஆபரேட்டர் ஒரு டீப் பிரெத் எடுக்கலாம். அதையும் டிரெய்னிங்ல சேர்த்துடலாம்.”

சேர்த்துவிட்டார்கள். அடுத்த நாளிலிருந்து அந்தப் பெண்கள் விரலை விரித்து மடக்கிய பிறகு ஆழ்ந்து மூச்சும் விட்டார்கள்.

சுகப்பிரியா மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அறையில் உட்கார்ந்து எழுதினாள். நான்கு மென்பொருள்களின் வேலையையும் ஒரே திரையில் கொண்டுவந்தாள். பிரவுசரை உள்ளே வைக்கவில்லை. விண்டோஸின் எஞ்சினையே கூப்பிட்டு வேலை வாங்கினாள். கை எடுக்கும் நேரத்தையும் திரை எடுக்கும் நேரத்தையும் தனித்தனியாகக் குறித்துவைக்கவும் செய்தாள். மூன்றாவது ஞாயிறு மத்தியானம் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டி முடித்தபோது, கோப்பின் அளவு எட்டு எம்.பி. என்று காட்டியது. அவள் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடியும் பார்த்தாள். எட்டுதான். பென்சனின் நான்கும் சேர்ந்து எண்ணூறு. அன்று சாப்பிடும்போது அறையில் இருந்த மூன்று பேரிடமும் அதைச் சொன்னாள். ஒருத்தி, எட்டு என்பது நல்லதா கெட்டதா என்று கேட்டாள்.

திங்கட்கிழமை அமிர்தநாதனிடம் போய் நின்றாள். அவர் ஏழாவது ஸ்டேஷனைக் கைகாட்டினார்.

“நான் டீக்குப் போறேன். திரும்பி வர்ற வரிக்கும் இங்க இன்னா நடந்தாலும் நான் பாக்கல.”

வழக்கமாகப் பத்து நிமிடத்தில் டீ குடிப்பவர் அன்று இருபத்தைந்து நிமிடம் குடித்தார்.

முத்துச்செல்வி பூட்டை எடுத்து ஸ்கேன் செய்தாள். பழக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

“ஏட்டி, படம் வந்துட்டு.”

“அதுக்குள்ளயா?” அவள் திரையை நம்பாமல் சுகப்பிரியாவைப் பார்த்தாள். “போன பூட்டோட பழசு கிழசு இல்லையே?”

பழசு இல்லை. அன்று ஷிப்ட் முடியும்போது ஏழாவது ஸ்டேஷனில் எண்ணூற்று ஐம்பத்தொரு பூட்டுகள். அதற்கு நடுவே முத்துச்செல்வி இரண்டு முறை கழிப்பறைக்குப் போய்வந்திருந்தாள். எட்டு மாதத்தில் அது முதல் தடவை என்று பஸ்ஸில் வரும்போது சொன்னாள். சுகப்பிரியாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை.

ஒரு வாரத்தில் மூன்றாவது லைனின் பதினோரு ஸ்டேஷன்களிலும் அது ஏறிவிட்டது. வெங்கடேசனின் திரையில் சிவப்பு பச்சையானது. காரணம் அவருக்கு உடனே விளங்கிவிட்டது: விரல் பயிற்சி. பயிற்சியாளரைத் திரும்ப வரவழைத்துச் சால்வை போட்டார்கள். முத்துச்செல்வியை நிறுத்தி, விரல்களை விரிக்கச் சொல்லிப் படம் எடுத்து, ‘விரல் வேக நட்சத்திரம்’ என்று கேன்டீன் வாசலில் பெரிதாக ஒட்டினார்கள். எச்சரிக்கைக் கடிதங்கள் இரண்டும் அவளுடைய கோப்பில் அப்படியே இருந்தன. படம் ஒட்டுவது வெங்கடேசனின் வேலை, கடிதம் மனிதவளப் பிரிவின் வேலை.

“யக்கா, எம்மூஞ்சிய விட விரலு பெருசா விழுந்திருக்கு” என்றாள் நட்சத்திரம்.

சுகப்பிரியாவால் பொறுக்க முடியவில்லை. நேராக வெங்கடேசனிடம் போய் உண்மையைச் சொன்னாள். அந்தப் பெண்களுக்காகத்தான் போனேன் என்று பிறகு சொல்லிக்கொண்டாள். பாதி நிஜம். மீதிப் பாதி, எட்டு எம்.பி.யை யாருக்காவது காட்டியே ஆக வேண்டும் என்ற தவிப்பு.

வெங்கடேசன் கோப்பின் அளவைப் பார்த்து முகம் சுளித்தார்.

“எட்டா? என் பையன் ஸ்கூல் ஆண்டு விழா வீடியோவே நானூறு எம்.பி. சாப்ட்வேர்னா ஒரு வெயிட் வேண்டாமா? ஹெட் ஆபீஸ்ல கேட்டா என்ன சொல்றது, பாக்கெட்ல போட்டுட்டு வந்தோம்னா?”

“வேலை செய்யுது சார்.”

“அது வேற விஷயம்.”

ஆனாலும் பச்சை பச்சைதான். இரண்டு நாள் யோசித்துவிட்டு அதற்கு ‘லைட் மிஷன்’ என்று பெயர் வைத்தார். தலைமை அலுவலகத்துக்கு இருபத்திரண்டு பக்க விளக்கம் அனுப்பினார். அதன் கடைசிப் பக்கத்தில் ‘உதவி’ என்ற தலைப்பின் கீழே ‘சுகபிரபா’ என்று ஒரு பெயர் இருந்தது. ஒன்றாவது, இரண்டாவது லைன்களிலும் மென்பொருள் ஏறியது. நான்காவது லைனில் மட்டும் ஏறவில்லை. அதன் சூப்பர்வைசர் திருமலை, தங்கை மகள் கல்யாணத்துக்காகத் திருத்தணியில் இருந்தார். அவர் இல்லாமல் லைனில் கை வைக்க யாருக்கும் துணிச்சல் இல்லை.

அடுத்த மாதம் ‘இணையப் பாதுகாப்பு வாரம்’ வந்தது. வெங்கடேசன் சர்வர் அறையில் ரிப்பன் வெட்டினார். இத்தனை வருடமாகத் தடுத்து வைத்திருந்த விண்டோஸ் புதுப்பிப்புகளையெல்லாம் ஒரே நாளில் திறந்துவிட உத்தரவு போட்டார். அது திங்கட்கிழமை. சுகப்பிரியா அந்த உத்தரவைப் படித்தாள். எஞ்சினும் அதோடு சேர்ந்து மாறும் என்று அவளுக்குத் தெரியும். ஒரு கணினியில் முதலில் போட்டுப் பார்க்க வேண்டும் என்றும் தோன்றியது. அன்றைக்குப் பிரிண்டர் மூன்று முறை சிக்கிக்கொண்டது. நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டுவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை ஆறே காலுக்கு, பென்னலூர் அறையில் அவள் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது அமிர்தநாதன் கூப்பிட்டார்.

“எங்கம்மா கீற? லைன் நின்னுட்ச்சு. மூணு லைனும்.”

“ஸ்கிரீன்ல என்ன சார் தெரியுது?”

“எப்பவும் போலத்தான் கீது. ஸ்கேன் பண்ணா அசைய மாட்டன்றது.”

படம் எடுத்து அனுப்பச் சொன்னாள். பார்த்தவுடன் வாயில் இருந்த நுரையோடு அப்படியே நின்றாள். திரையின் இடது மேல் மூலையில் சின்னதாக ஒரு கட்டம். எஞ்சினின் புதிய பதிப்பு ஆங்கிலத்தில் பணிவாகக் கேட்டுக்கொண்டிருந்தது: இந்த மென்பொருள் உங்கள் ஸ்கேனரைப் பயன்படுத்தலாமா? பழைய பதிப்பு இப்படிக் கேட்டதில்லை. முப்பத்துமூன்று ஸ்டேஷன்களில் முப்பத்துமூன்று கட்டங்கள் பதிலுக்குக் காத்திருந்தன. அவற்றின் முன்னால் முப்பத்துமூன்று பெண்கள்.

“சார், ஒண்ணுமில்ல. மவுஸால ‘அலவ்’னு இருக்கற பட்டன ஒருதடவ அமுக்கினாப் போதும்.”

“எலியா? கேன்டீன்ல வேணா ஒண்ணு கீது.”

அவர் விளையாட்டுக்குச் சொன்னாலும் நிலைமை அதுதான். ஆபரேட்டர்கள் தொட்டுக் கெடுத்துவிடக் கூடாது என்று லைனில் இருந்த மவுஸ், கீபோர்டு அத்தனையையும் போன வருடமே கழற்றி ஒரு பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தார்கள். சாவி வெங்கடேசனிடம். அவர் ஒன்பதரைக்கு வருவார். அவருடைய செல்போன், பாதுகாப்பு வாரத்தை முன்னிட்டு, அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

“என் மவுஸ் பூட்டின ரூம்ல இருக்கு. அலுவலகத்துல வேற யார் மேசைலயாவது இருக்கும் சார். எடுங்க. நான் வந்துடறேன்.”

வாயைக் கொப்புளித்துவிட்டு ஷேர் ஆட்டோ பிடித்தாள். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஆட்டோ நின்று நின்று போனது. வழி முழுக்க அவளுக்கு அமிர்தநாதன் ரூட்டைப் பற்றிக் கேட்டதுதான் ஞாபகத்தில் இருந்தது. முத்துச்செல்வியின் மூன்றாவது கடிதம் தன்னால் வந்துவிடும் என்று நினைத்து, ஆட்டோக்காரரை இன்னும் வேகமாகப் போகச் சொன்னாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது இரண்டு மவுஸ்கள் களத்தில் இருந்தன. ஒன்று செக்யூரிட்டி அறையிலிருந்து எடுத்தது. இன்னொன்று மனிதவளப் பிரிவு லூர்து மேரியுடையது. அதன் மேல் ஒரு மாதா படம் ஒட்டியிருந்தது. சீக்கிரமே வேலைக்கு வந்துவிடும் லூர்து மேரி, தலையில் பாதுகாப்புத் தொப்பியுடன், தன் மவுஸின் பின்னாலேயே ஸ்டேஷன் ஸ்டேஷனாக நடந்துகொண்டிருந்தார்.

“பாத்து சொருகுங்க அமிர்தநாதன். பின்னு வளைஞ்சிடப் போவுது.”

“ஒண்ணும் ஆவாது மேடம். மாதா கூட கீறாங்க இல்ல.”

அமிர்தநாதன் சொருகுவார், குனிவார், அமுக்குவார், பிடுங்குவார், அடுத்ததற்கு ஓடுவார். நாற்பத்தெட்டு வயதில் அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. மற்ற மவுஸை வாங்கிக்கொண்டு சுகப்பிரியா இரண்டாவது லைனைப் பார்த்தாள். ஏழு இருபதுக்குக் கடைசி ஸ்டேஷன் ஓடியது. மூன்று லைன்களும் ஒரு மணி இருபது நிமிடம் நின்றிருந்தன. அவ்வளவு நேரமும் நான்காவது லைன் மட்டும், பென்சனின் நான்கு பிரவுசர்களையும் இழுத்துக்கொண்டு, வட்டம் சுற்றச் சுற்ற, நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. சுகப்பிரியா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

பதினோரு மணிக்கு விசாரணை. தொழிற்சாலை மேலாளர் நாகப்பன் அதிகம் பேசாதவர். மேசையின் தலைப்பக்கத்தில் உட்கார்ந்து வெங்கடேசனைப் பார்த்தார்.

“சுகப்பிரியாவோட சாப்ட்வேர் சார்” என்றார் வெங்கடேசன். இந்த முறை பெயரைச் சரியாகச் சொன்னார்.

“நேத்து வரிக்கும் லைட் மிஷன்னு இல்ல இருந்திச்சு?” என்றார் அமிர்தநாதன், யாரையும் பார்க்காமல்.

வெங்கடேசன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பழைய மென்பொருளை மாற்றாமல் முன்யோசனையுடன் நடந்துகொண்டதற்காக நான்காவது லைன் திருமலையைப் பாராட்ட வேண்டும் என்றார்.

“நான் லீவுல இருந்தேன் சார்” என்றார் திருமலை.

பென்சனும் வந்திருந்தார். அவர் யாரையும் குறை சொல்லவில்லை. அதற்கான தேவை இருக்கவில்லை. “அதனாலதான் சார் நாங்க எஞ்சினையே உள்ள வெச்சுக் குடுக்கறோம். வெளிய என்ன மாறினாலும் எங்களுது மாறாது.”

எல்லோரும் சுகப்பிரியாவைப் பார்த்தார்கள். விண்டோஸைக் குறை சொல்லலாம். ரிப்பன் வெட்டியதைச் சொல்லலாம். பீரோச் சாவியைச் சொல்லலாம். ஆட்டோவில் வரும்போது மூன்றையும் தயார் செய்துதான் வைத்திருந்தாள்.

“அவர் சொல்றது சரி சார்” என்றாள். “எஞ்சின் மாறும்னு எனக்குத் தெரியும். போட்டுப் பாக்காம விட்டது என் தப்பு.”

பென்சன் இதை எதிர்பார்க்கவில்லை. வாதாடத் தயாராக வைத்திருந்த கையை மடியில் இறக்கிக்கொண்டார்.

“எஞ்சினை நாமளே ஒரு பதிப்புல நிறுத்தி, கூடவே வெச்சுக் குடுக்கணும் சார். அது சரி. ஆனா ஒண்ணு போதும். அவங்க நாலு வெச்சிருக்காங்க. அதுதான் ஏழு நொடி.”

“என்ன ஏழு நொடி?” என்றார் நாகப்பன்.

அந்த வார்த்தை அவர் காதுக்கு அதுவரை போகவேயில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. சுகப்பிரியா காகிதத்தை நீட்டினாள். அவளுடைய மென்பொருள் குறித்துவைத்த கை நேரமும் திரை நேரமும் ஸ்டேஷன் வாரியாக இருந்தன. பழைய மென்பொருளில் செல்போனில் பிடித்த நேரம் பக்கத்தில். கை நேரம் இரண்டிலும் ஒன்றேதான்: இருபத்தொன்பது நொடி. விரல் பயிற்சி தொடங்கிய வாரத்திலும் இருபத்தொன்பது, இப்போதும் இருபத்தொன்பது.

நாகப்பன் இரண்டு முறை படித்தார்.

“மூணாவது லைன்ல கை வேகம்னு லெட்டர் குடுத்தோமே. எத்தனை பேருக்கு?”

லூர்து மேரி கூட்டக் குறிப்பு எடுக்க வந்திருந்தார். “பதினோரு பேருக்கும் சார்” என்றார் மெதுவாக.

“வாபஸ் வாங்குங்க.” பிறகு வெங்கடேசன் பக்கம் திரும்பி, “அந்தச் சாவியை சூப்பர்வைசர்கிட்ட குடுத்துடுங்க” என்றார். கூட்டம் முடிந்தது.

சுகப்பிரியா எஞ்சினை உள்ளே வைத்துக் கட்டினாள். ஒரே எஞ்சின், நான்கு வேலைகள். ‘மகிழ்ச்சி’யை மட்டும் தானாக எழுந்து கேட்காதபடி ஓரத்தில் ஒரு பொத்தானாக வைத்தாள், வேண்டுமென்றால் அமுக்கிக்கொள்ளலாம். ஒரு மாதத்தில் யாரும் அமுக்கவில்லை. புகார் ஏதும் இல்லை என்று வெங்கடேசன் தலைமை அலுவலகத்துக்கு எழுதினார். திரை நேரம் அரை நொடிக்குள் நின்றது. எந்தப் புதுப்பிப்பும் இனி முதலில் அவளுடைய பிரிண்டர் அறைக் கணினியில் ஏறி, ஒரு வாரம் ஓடிய பிறகுதான் லைனுக்குப் போகும் என்று எழுத்தில் வந்தது. நான்காவது லைனிலும் ஏற்றினார்கள். பென்சன் கைகொடுத்துவிட்டு, தங்கள் நிறுவனமும் விரைவில் ஒரு ‘ஸ்லிம் ரிச்’ பதிப்பு கொண்டுவரப் போவதாகச் சொன்னார்.

புதிய கோப்பின் அளவு இருநூற்றுப் பத்து எம்.பி.

வெங்கடேசன் அந்த எண்ணைப் பார்த்தார். நாற்காலியில் சாய்ந்தார். முகம் மலர்ந்தது.

“இப்பதான் சாப்ட்வேர் மாதிரி இருக்கு. நல்லா டெவலப் பண்ணியிருக்கீங்க.”

லைன் நின்றபோது அழாத சுகப்பிரியாவுக்கு அன்று மத்தியானம் அழுகை வந்தது. செய்தது சரி என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் எட்டை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. இரண்டு நாள் யாருடனும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒப்பந்தத்தை ஆறு மாதம் நீட்டித்தார்கள். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. லைட் மிஷனைப் பற்றிச் சென்னையில் ஒரு நட்சத்திர ஓட்டலில் வெங்கடேசன் பேசினார்.

எண்ணூறு பூட்டு இலக்கை எண்ணூற்று எண்பதாக்க வேண்டும் என்று ஒரு யோசனை கிளம்பியது. அமிர்தநாதன் சுகப்பிரியாவின் காகிதத்தை எடுத்துக்கொண்டு நாகப்பனிடம் போய், அரை மணி நேரம் பேசி, எண்ணூற்று நாற்பதில் நிறுத்தினார். திரை திருப்பிக் கொடுத்த நேரத்தில் பெரும் பகுதியைக் கம்பெனி எடுத்துக்கொண்டது. மீதியில் மூன்றாவது லைனின் பெண்கள் தண்ணீர் குடித்தார்கள், கழிப்பறைக்குப் போனார்கள்.

கடிதங்களை வாபஸ் வாங்கும் கடிதம் மூன்று வாரம் கழித்து வந்தது. ‘தரவுத் திருத்தம் காரணமாக, முந்தைய கடிதங்கள் செயலற்றவையாகக் கருதப்படும்.’ ஒரே வரி. முத்துச்செல்வி கேன்டீனில் நின்று அதைப் படித்தாள். திருப்பிப் பார்த்தாள். பின்பக்கத்தில் ஒன்றும் இல்லை.

“யக்கா, என் கையில கொறயில்லன்னு இதுல எங்க போட்டிருக்கு?”

“போட மாட்டாவ. விடு. வேல இருக்குல்லா.”

“வேல இருக்கு. ஆனா நாளைக்கு வேற கம்பெனிக்குப் போனா இதத்தான காட்டணும்? தரவுன்னா என்னன்னு கேட்டா நான் என்னத்தச் சொல்ல?”

சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு அவள் நேராக லூர்து மேரியின் அறைக்குப் போனாள். சுகப்பிரியா கூடப் போகவில்லை. பிற்பாடு முத்துச்செல்வி சொல்லித்தான் தெரியும்.

“மேடம், இன்னும் ஒரு வரி வேணும்.”

“இதுவே மேல எழுதிக் குடுத்த வாசகம்மா. நானா ஒண்ணும் சேக்க முடியாது.”

“மொதல் ரெண்டு லெட்டருலயும் கை வேகம்னு நீங்கதான மேடம் எழுதினீங்க?”

“சொன்னாங்க, எழுதினேன்.”

“அப்பம் இதயும் ஒருத்தி வந்து சொன்னான்னு எழுதுங்க மேடம்.”

லூர்து மேரி அவளை உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை. சாப்பாட்டு இடைவேளை முடிய எட்டு நிமிடம் இருந்தது. பிறகு லூர்து மேரி கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். ‘இவரது கை வேகத்தில் எந்தக் குறையும் இருந்ததில்லை.’ அச்சடித்து, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தினார். மை காயும் வரை ஊதியும் கொடுத்தார்.

“யார்கிட்டயும் சொல்லாத” என்றார்.

முத்துச்செல்வி அதை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மணி அடிப்பதற்குள் ஏழாவது ஸ்டேஷனுக்குப் போய்விட்டாள். மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் லூர்து மேரியின் அறை வாசலில் பத்துப் பெண்கள் வரிசையில் நின்றார்கள்.